சாந்தா ஆனா வீசும்போது அளப்பதில்லை

செவ்வாய்க்கிழமை காலைக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேசையின் தலைப்பக்கம், கடலுக்கு முதுகைக் காட்டியபடி, எங்கள் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் லாண்டெரோஸ். அவருக்கு வலப்பக்கம் டாக்டர் சல்சீதோ. எந்த அறைக்குப் போனாலும் முகத்தில் வெளிச்சம் விழாத நாற்காலியாகப் பார்த்து உட்காருகிறவர் அவர். அவருக்கு எதிரே, கதவை ஒட்டி, டாக்டர் கிரிசெல்தா அர்விசு. அவர் பக்கத்தில், நாற்காலியை அரை அடி பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு லெயோபார்தோ. ஒரு காலத்தில் அவருடைய மாணவன். இப்போது திஹுவானாவில் ஒரு டிவி தொழிற்சாலையில் வேலை. இதற்காகவே லீவு போட்டுவிட்டு பஸ்ஸில் வந்திருந்தான். மூலையில், காப்பி ஜாடி வைக்கும் சின்ன மேசையில், குறிப்பெடுக்க நான். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. இருந்தும் மேசைமேல் விரலால் பெயர் எழுதுமளவுக்குப் புழுதி. ஞாயிற்றுக்கிழமையே சாந்தா ஆனா தொடங்கிவிட்டது. பாலைவனத்திலிருந்து மலை இறங்கிக் கடலை நோக்கி வீசும் இந்தக் காற்று வந்துவிட்டால் எங்கள் மெக்சிகோக் கடற்கரை ஊரான என்செனாதாவில் யாருக்கும் உதடு உதடாக இருக்காது. பேச வாயைத் திறந்தாலே வெடிப்பு எரியும். அன்று அந்த அறையில் எல்லோரும் குறைவாகப் பேசியதற்கு அது ஒரு காரணம் என்றுதான் நான் நினைத்துக்கொள்ள விரும்பினேன்.

மூன்று வருடங்களுக்கு முன் டாக்டர் கிரிசெல்தாவும் லெயோவும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விரல் நகமளவு கண்ணாடிச் சில்லு. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கான் தூண்கள், வரிசை வரிசையாக, ஆயிரக்கணக்கில். தூண்களுக்கு மேலே துளை துளையான ஒரு மெல்லிய கண்ணாடிப் படலம். அதற்குள் ஒளிரும் துகள்கள். லேசரைப் பாய்ச்சினால் துகள்கள் மங்கலாக மினுங்கும், அவ்வளவுதான். ஆனால் தூண்களின் பருமனும் இடைவெளியும் சரியாக அமைந்துவிட்டால் அந்த மினுக்கத்தைத் தூண்கள் பிடித்து வைத்து, ஒரே ஒரு சிவப்பில் மட்டும் அறுபது மடங்காகத் திருப்பித் தரும். எனக்கு இது புரியாதபோது டாக்டர் ஒரு காலி சோடா பாட்டிலின் வாயில் ஊதிக் காட்டினார். "கேட்டீங்களா எலோக்கா? பாட்டிலுக்குன்னு ஒரு சுருதி இருக்கு. அந்தச் சுருதில ஊதினா அதுவே கூடப் பாடும். எங்க தூணுக்குப் பிடிச்ச சுருதி அந்தச் சிவப்பு." எந்தப் பருமனுக்கு எந்தச் சிவப்பு என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொன்னதுதான் அந்தக் கட்டுரையின் பெருமை. கணக்கு சொன்ன இடத்திலேயே சிவப்பு வந்து நின்றது. அன்று மாலை எல்லோரும் துறைமுகத்துக்குப் போய் மீன் தாக்கோ சாப்பிட்டோம்.

இந்த வருடம் கனடாவில் எட்மண்டனிலிருந்து ஒரு குழு இரண்டு சில்லுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டது. உலர்ந்த நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் வைத்து, மாதக்கணக்கில் அளந்தார்கள். பிறகு பத்திரிகைக்கு எழுதினார்கள், மிக மரியாதையாக: அதே சில்லு, அதே லேசர், அந்த ஒளி மட்டும் இல்லை. பத்திரிகை எங்கள் இயக்குநரைக் கேட்டது. இயக்குநர் திங்கட்கிழமை ஆய்வகத்தில் எல்லோர் முன்னாலும் செய்துகாட்டச் சொன்னார். செய்தார்கள். திரையில் தேவாலயக் கோபுரம்போல எழ வேண்டிய கோடு வற்றிய குளம் மாதிரி தட்டையாகக் கிடந்தது.

"மூணு வருஷமா எரிஞ்ச விளக்கு, ஆளுங்க பாக்க வந்தா மட்டும் அணைஞ்சு போகுதாக்கும்," என்றார் சல்சீதோ. "என் மச்சினன் கார் ஒண்ணு இருக்கு. வாங்க ஆள் வர்ற அன்னிக்கு மட்டும் ஸ்டார்ட் ஆகும். இது அதுக்கு நேர்மாறு."

"பொய்னு சொல்லணும்னா பொய்னே சொல்லுங்க டாக்டர். நடுவுல கார் எதுக்கு?" என்றார் கிரிசெல்தா.

"யாரும் அந்த வார்த்தைய எடுக்கலம்மா," என்று இயக்குநர் கையைத் தூக்கினார். "ஆனா வெள்ளிக்கிழமை கட்டுரைய வாபஸ் வாங்கற கடிதம் போயாகணும். காரணம் என்னன்னு பத்திரிகைல ஒரு வரி கேக்கறாங்க. உன்கிட்ட காரணம் இருந்தா எழுது. இல்லன்னா, 'கிடைத்த அளவுகளை விளக்க இயலவில்லை'ன்னு போட்டுடலாம். நாகரிகமா இருக்கும்."

"விளக்க இயலவில்லைன்னா திருடினோம்னு அர்த்தம் சார்," என்றான் லெயோ. கூட்டத்தில் அவன் பேசியது அந்த ஒரு வரிதான்.

அவன் சொன்னது சரி. நான் இந்த நிறுவனத்தில் சேர்ந்த புதிதில் வேறொருவருக்காக இதே வரியைத் தட்டச்சு செய்திருக்கிறேன். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. மாநாட்டுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். காப்பி நேரத்தில் அவர் வந்து நின்றால் பேச்சு வானிலைக்கு மாறிவிடும். இரண்டாம் வருடம் அவர் எர்மோசியோ பக்கம் போய்விட்டார் என்று கேள்வி. காரணம் எழுதாத இடத்தில் ஊர் தானே ஒரு காரணத்தை எழுதிக்கொள்ளும். டாக்டர் கிரிசெல்தாவுக்கு இப்போது வேண்டியிருந்தது கட்டுரை அல்ல, அது போய்விட்டது. அந்த ஒரு வரியில் வைக்க ஒரு காரணம் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்.

அன்று மதியம் அவருக்குச் சாப்பிட ஒரு பரித்தோ எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். கதவில் நான் பல வருடங்களுக்கு முன் அடித்து ஒட்டிய அட்டை இன்னும் இருந்தது: சாந்தா ஆனா வீசும்போது அளப்பதில்லை. இந்தக் காற்றில் உடம்பெல்லாம் மின்சாரம் ஏறிக் கிடக்கும். கதவுப் பிடியைத் தொட்டால் சுளீரென்று பொறி பறக்கும். சுங்கத்தில் எட்டு மாதம் கிடந்து வந்து சேர்ந்த ஒரு டிடெக்டரை லெயோவின் விரல் நுனிப் பொறி ஒரே நொடியில் கருக்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்த அட்டை. காற்று தொடங்கியதும் கருவியை அணைத்து, துணி போர்த்தி, எல்லோரும் எழுத்து வேலை பார்க்கப் போய்விடுவார்கள். சல்சீதோ முதல் மாணவர்கள் வரை ஒருவரும் மீறாத விதி அது. இந்தத் திங்கட்கிழமைதான், இயக்குநர் குறித்த தேதி என்பதற்காக, துணியை எடுத்தார்கள். லெயோ மணிக்கட்டில் செம்புக் கம்பியைக் கட்டி அதன் மறுமுனையைத் தண்ணீர்க் குழாயில் கட்டிக்கொண்டு, கட்டிப் போட்ட ஆடு மாதிரி வேலை செய்தான்.

நான் போனபோதும் அப்படித்தான் இருந்தான். கண்ணாடிகளைத் திருப்பிவைத்தார்கள், லேசரை மாற்றினார்கள், பெட்டியில் மிச்சமிருந்த சில்லுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். கோடு எழவில்லை. டாக்டரின் மூக்கிலிருந்து ரத்தம் கசிந்து மேலுதட்டில் காய்ந்திருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. துடைக்கச் சொல்லிக் கைக்குட்டையை நீட்டினேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"எலோக்கா, அந்தச் சிவப்ப நீங்க பாத்தீங்கதானே? அன்னிக்கு உங்களக் கூப்பிட்டுக் காட்டினேனே. குனிஞ்சு பாத்தீங்க."

"பாத்தேன் டாக்டர். சிகரெட் முனை மாதிரி இருந்துச்சு."

"ஆமா. பாத்தீங்க." என்னமோ என் வார்த்தையைக் கையில் எடை போட்டுப் பார்ப்பவர்போலத் தலையை ஆட்டினார். "எனக்கு இப்ப சந்தேகமா இருக்கு. ராத்திரி படுத்தா, நானே எங்கயோ ஒரு எண்ணைத் திருத்தி வச்சுட்டு மறந்துட்டேனோன்னு தோணுது. மனுஷங்க அப்படிச் செய்வாங்களாமே, செஞ்சதே தெரியாம."

"சாப்பிடுங்க தலைவி," என்றான் லெயோ குழாயடியிலிருந்து. அவன் அவரை எப்போதும் தலைவி என்றுதான் கூப்பிடுவான். அவர் சாப்பிடவில்லை. பரித்தோ புதன்கிழமை காலையிலும் அதே இடத்தில் இருந்தது, ஓடுபோல உலர்ந்து.

வியாழக்கிழமை பகல், வாபஸ் கடிதத்தின் நகலைக் கையெழுத்துக்குக் காட்ட எடுத்துக்கொண்டு போனேன். காரணம் என்ற இடத்தில் இயக்குநர் சொன்ன வரியையே அடித்திருந்தேன், வேறொன்றும் கிடைக்கவில்லை. உள்ளே இருவரும் வேலையில் இருந்தார்கள். கருவியின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். சில்லு திறந்தவெளியில் கிடந்தது. அதன்மேல் முகம் படுமளவுக்குக் குனிந்து, டாக்டர் ஒரு திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன். குனிந்த வாக்கிலேயே ஓரக்கண்ணால் படித்தார். விளக்க இயலவில்லை. அந்த வரிக்கு வந்ததும் அவர் முகம் மாறியது. அப்படியொரு முகத்தை நான் அவரிடம் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நீ செஞ்சியா?" என்றார்.

லெயோவுக்கு முதலில் புரியவில்லை. "என்ன தலைவி?"

"தூணெல்லாம் நீதான் செஞ்ச. முதல் அளவெல்லாம் நீதான் எடுத்த. நான் ஊர்ல இல்லாத வாரம். பட்டம் வாங்கணும்னு அவசரம் உனக்கு. சொல்லு லெயோ, எதையாவது சேத்தியா? எண்ணை மாத்தினியா? சொல்லித் தொலையேன், நான் உன்ன ஒண்ணும் பண்ணமாட்டேன், எனக்குத் தெரிஞ்சா போதும், அந்தப் பாழாப்போன சிவப்பு எங்கருந்து வந்துச்சு? உன்ன என் புள்ள மாதிரி நம்பி வச்சிருந்தேனே! என் பேரையும் வித்துட்டு, ஃபேக்டரில போய் டிவி ஒட்டிட்டு உக்காந்திருக்கியே!"

சத்தம் போட்டுத்தான் சொன்னார். குனிந்த முகத்தை நிமிர்த்தக்கூட இல்லை. அவ்வளவையும் அந்தச் சில்லின் மேலேயே கொட்டினார். லெயோ மணிக்கட்டுக் கம்பியை மெதுவாக அவிழ்த்துக்கொண்டிருந்தான். போகப்போகிறான் என்று நினைத்தேன். அவன் கண் திரைப் பக்கம் போனது. கம்பி கையிலேயே நின்றுவிட்டது.

"இன்னொரு தடவ திட்டுங்க," என்றான்.

"என்ன?"

"திட்டினீங்கல்ல. அங்கயே குனிஞ்சபடி. இன்னொரு தடவ அதே மாதிரி திட்டுங்க."

டாக்டர் திரும்பித் திரையைப் பார்த்தார். கோடு தட்டையாகத்தான் கிடந்தது. ஆனால் திரையின் அடியில், கடந்த சில நிமிடங்களின் ஒளியைக் காட்டும் இன்னொரு கோட்டில், அவர் பேசிய நேரமெல்லாம் சின்னச் சின்ன மேடுகள். 'புள்ள மாதிரி' என்று இழுத்துச் சொன்ன இடத்தில் ஒரு குன்றே எழுந்து இறங்கியிருந்தது. அவர் மறுபடி குனிந்தார். வாயைத் திறந்து வெறும் மூச்சை விட்டார், குளிர்காலத்தில் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதற்கு முன் விடுவோமே, அப்படி. கோடு எழுந்தது. கோபுரம்போல, நெட்டுக்குத்தாக, கட்டுரையில் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில். மூச்சு உலர உலரச் சரிந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படுத்துவிட்டது.

காப்பிக்கு வைத்திருந்த வெந்நீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றிப் பக்கத்தில் கொண்டுவந்தேன். ஆவி படப்படக் கோடு எழுந்து அங்கேயே நின்றது. டாக்டர் குனிந்து கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சிகரெட் முனையேதான்.

அந்த அறையில் சந்தோஷம் இருந்தது உண்மைதான், கிண்ணத்து ஆவி அடங்கும்வரை. பிறகு டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி, சொல்லிக்கொண்டே போனார். அந்தத் துளைப் படலம் ஈரத்தைக் குடித்திருக்கிறது. பாட்டிலில் தண்ணீர் ஊற்றினால் சுருதி மாறுவதுபோல, ஈரம் ஏறியதும் தூண்களின் சுருதி மாறியிருக்கிறது. லெயோ ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தான்: தூண்கள் வரைபடத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் ஒல்லியாக வந்திருக்க வேண்டும். உலர்ந்த காற்றில் அவை துகள்கள் மினுங்காத தவறான இடத்தில்தான் பாடும். கடல் ஈரம் அவற்றை இழுத்துக் கொண்டுவந்து, கணக்கு சொன்ன இடத்தில் சரியாக நிறுத்திவிட்டது. வந்த இடம் சரியாக இருந்ததால் யாரும் தூணின் பருமனை அளந்து பார்க்கவில்லை. காற்றின் ஈரத்தையும் அளந்து பார்க்கவில்லை.

"ரெண்டு தப்பும் கை கோத்துக்கிட்டு நின்னா சரி மாதிரியே இருக்கு," என்றார். "மூணு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்தக் காத்துல அளந்திருந்தா தெரிஞ்சிருக்கும்." கதவைப் பார்த்தார். அட்டையின் பின்பக்கம் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அதை அடித்தவள் நான் என்பது எனக்கு நினைவிருந்தது. அடிக்கச் சொன்னவர் அவர் என்பது அவருக்கும் நினைவிருந்திருக்கும்.

லெயோ கம்பியைச் சுருட்டி மேசைமேல் வைத்தான்.

"லெயோ, நான் இப்ப சொன்னது..."

"இயக்குநர் சாப்பிடப் போறதுக்கு முன்னாடி பாத்துடுங்க டாக்டர்," என்றான்.

அவன் அவரை டாக்டர் என்று கூப்பிட்டு நான் கேட்டது அப்போதுதான்.

இயக்குநரின் அறைக்கு மூவரும் போனோம். சல்சீதோவும் அங்கேதான் இருந்தார். டாக்டர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். இயக்குநர் மேசையில் தட்டினார்.

"அப்புறம் என்னம்மா, பிழைச்சோம்! வாபஸே வேண்டாம். 'ஈரக் காற்றில் அளக்கவும்'னு ஒரு திருத்தம் போட்டாப் போதும். ஒளி வருதில்ல?"

"ஒளி வருது. ஆனா நாங்க எழுதினது ஒளி வருதுன்னு இல்ல சார். இந்தப் பருமன்ல தூண் வச்சா இந்தச் சிவப்பு வரும், எங்க கணக்கு அதச் சொல்லிடும்னு எழுதினோம். கணக்கு தப்பு. அந்த இடத்துக்கு அதக் கொண்டாந்து விட்டது கடல். இத நம்பி அங்கங்க தூண் செஞ்சுட்டு இருக்காங்க."

"காத்துல ஈரம் எவ்வளவுன்னு முதல் வருஷப் பசங்களே குறிப்பாங்க," என்றார் சல்சீதோ. வழக்கமான நக்கல் அதில் இல்லை. அதனாலேயே கேட்கக் கஷ்டமாக இருந்தது. "இத எழுதிக் கொடுத்தா திருடின்னு சொல்லமாட்டாங்க. மக்குன்னு சொல்வாங்க."

"அது உண்மைதானே."

"டிசம்பர்ல உன் ஒப்பந்தம் புதுப்பிக்க வருது கிரிசெல்தா," என்றார் இயக்குநர், குரலைத் தாழ்த்தி. "குழுவுல நான் எத வச்சுப் பேசறது? திருத்தம்னா பேசலாம். வாபஸ்னா, அதுவும் இந்தக் காரணத்தோட, எனக்கு வாயே இருக்காது."

டாக்டர் என் பக்கம் திரும்பி, "எழுதிக்கங்க எலோக்கா," என்றார். நான் எழுதிக்கொண்டேன். தூண்களின் பருமன் சரிபார்க்கப்படவில்லை. காற்றின் ஈரம் அளக்கப்படவில்லை. எங்கள் ஆய்வகத்தில் உலர் காற்று வீசும் நாட்களில் அளப்பதில்லை என்ற வழக்கம் இருந்ததால் பிழை மறைந்திருந்தது. முதல் அளவுகளை எடுத்த லெயோபார்தோ கினோனெஸ் அவற்றைக் கண்டபடியே குறித்திருக்கிறார். பிழை முழுவதும் கட்டுரையின் பொறுப்பாசிரியரான கிரிசெல்தா அர்விசுவுடையது. சில்லின்மேல் மூச்சு விட்டால் சில நொடிகள் அந்தச் சிவப்பு தெரியும். யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

"அந்தக் கடைசி வரிய எடுத்துடும்மா," என்றார் இயக்குநர். "மந்திரவாதி எழுதின மாதிரி இருக்கு."

"அது இருக்கட்டும்."

இயக்குநர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே கடலில் பேருக்குக்கூட மூட்டம் இல்லை. தோதோஸ் சாந்தோஸ் தீவுகள் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தன, பாறைப் பிளவுகள் வரை. மற்ற நாட்களில் அப்படித் தீவுகள் இருப்பதையே மூடுபனி சொல்லாது.

வெள்ளிக்கிழமை காலை கடிதத்தை நிறுவனத்தின் தலைப்புத் தாளில் இரண்டு நகல் எடுத்தேன். மின்னஞ்சலில் முந்தின நாளே போய்விட்டது. ஆனாலும் எங்கள் இடத்தில் வட்ட முத்திரை குத்திய தாள் கிளம்பினால்தான் ஒரு காரியம் நடந்ததாகக் கணக்கு. தேதி வலது மேல்மூலையில், ஊர்ப் பெயர் அதற்கு முன்னால். டாக்டர் கையெழுத்துப் போட்டார். லெயோ நின்றபடியே படித்தான், தன் பெயர் வந்த வரியை இரண்டு தடவை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பையை எடுத்தான்.

"பஸ் ஸ்டாண்டுல கொண்டுவிடறேன்," என்றார் டாக்டர்.

"வேண்டாம். நடந்தே போயிடுவேன். இறக்கம்தானே."

"லெயோ."

அவன் வாசலில் நின்றான். அவருக்கு வார்த்தை வரவில்லை. முந்தின நாள் அவ்வளவு வார்த்தை வந்த வாய். அவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான், பிறகு கதவுப் பிடியைத் தொட்டான், பொறி தெறித்தது. "சை," என்று விரலை உதறிக்கொண்டு போனான். மணல் பறக்கும் இறக்கத்தில் முதுகை வளைத்து அவன் நடப்பதை ஜன்னலில் இருந்து இருவரும் பார்த்தோம்.

கூரியர்க்காரர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்து நின்றார். தாளை மூன்றாக மடித்து உறையில் போட்டேன். பசையை நனைக்க வைத்திருக்கும் பஞ்சு, ரொட்டித் துண்டுபோலக் காய்ந்து தட்டோடு ஒட்டியிருந்தது. கிண்ணத்தில் தண்ணீர் பிடிக்க எழுந்தேன். டாக்டர் உறையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மடிப்பை விரித்து, முகத்துக்கு அருகில் வைத்து, வாயைத் திறந்து மூச்சு விட்டார். ஓரத்திலிருந்து ஓரம் வரை, மெதுவாக, ஒரு இடம் விடாமல். பசை மங்கி, பிறகு பளபளத்தது. அதை மூடி, இரண்டு உள்ளங்கைகளாலும் மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"ஒட்டிடுச்சா மேடம்?" என்றார் கூரியர்க்காரர்.

"இருங்க," என்றார் டாக்டர், கையை எடுக்காமல். "இன்னும் கொஞ்சம்."

நான் முத்திரையை மையில் தொட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கையை எடுத்ததும் மடிப்பின்மேல் குத்தினேன். உறை பைக்குள் போனது. பை தோளுக்குப் போனது. மோட்டார் சைக்கிள் சத்தம் வளைவில் மறையும்வரை டாக்டரின் கைகள் மேசைமேல் அதே இடத்தில் இருந்தன. அவர் எடுத்தபோது மரத்தில் இரண்டு உள்ளங்கைகளின் ஈரத் தடம். காற்று அதை ஓரங்களிலிருந்து உள்பக்கமாகக் குடித்துக்கொண்டிருந்தது.